அறுபது கேசட்டும் ஒரு திட்டுப் பாட்டும்

கேசட் கடையில் நிற்கிறவனுக்குக் கால் மட்டும்தான் சொந்தம், காது வாடிக்கையாளருடையது.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது உடனே புரியும். கடை திறந்ததும் பக்திப் பாட்டு, பத்து மணிக்கு மேல் சினிமாப் பாட்டு, மலாய்க்காரர் உள்ளே வந்தால் மலாய்ப் பாட்டு, சாயங்காலம் சீனப் பையன்கள் வந்தால் டிஸ்கோ. உனக்கு எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் அதைப் போட விடமாட்டார்கள்.

எண்பதுகளில் மலேசியாவின் பினாங்குத் தீவில், பினாங்கு ஸ்ட்ரீட்டில் இப்படி ஒரு கடையில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். என் கை வழியாகப் போன கேசட்டுகளுக்குக் கணக்கில்லை. அதில் ஒரே ஒரு கேசட்டைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். என் வேலைக்கு உலை வைத்ததும் அதுதான், எனக்கென்று நான் விரும்பிக் கேட்டதும் அதுதான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து நன்றாகவே வந்துவிட்டது. இங்கிலீஷ் வரவில்லை. ஆனால் கடையில் இருந்து இருந்து இரண்டு வார்த்தை மட்டும் கண்ணுக்குப் பழகிப்போனது. கிரேட்டஸ்ட் ஹிட்ஸ். முதல் வார்த்தை தூண்டில் முள் மாதிரி வளைந்த எழுத்தில் தொடங்கும். இரண்டாவது வார்த்தை ஒரே படி வைத்த ஏணியில் தொடங்கும். இந்த முள்ளும் ஏணியும் எந்த அட்டையில் இருந்தாலும் அந்தக் கேசட் விற்றுவிடும். பாடியவர் யார், என்ன பாட்டு என்றெல்லாம் தெரிய வேண்டியதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே பார்த்துக் கண்டுபிடித்தது.

என்னோடு கவுண்டரில் நின்றவன் குணரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா கவர்மெண்ட் ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி. இவன் இங்கிலீஷ் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்தவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். இங்கிலீஷ் சரக்கு எடுப்பது அவன் பொறுப்பு. எடுக்கும்போதெல்லாம் அட்டையைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்து, இது என்ன தெரியுமோ என்று கேட்பான். நான் அதையெல்லாம் மறக்கிற ஆள் இல்லை.

ஒரு நாள் முதலாளி கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்தார். குணரத்தினம் சாப்பிடப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து மொத்த வியாபாரியின் வேன் வந்தது. வேன்காரர் ஆ செங் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு அட்டையில் கறுப்பு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஊதுகுழலும் மேளமுமாக நெருக்கியடித்து நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேல் பெரிய எழுத்தில் முள்ளும் ஏணியும். குணரத்தினம் இல்லாமலே இங்கிலீஷ் சரக்கு எடுக்க முடியும் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல நாள் வராது என்று தோன்றியது. ஐந்து டஜன் இறக்கச் சொன்னேன். ஆ செங் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அறுபதையும் நான் எண்ணி முடிப்பதற்குள் இறக்கி வைத்து, வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அண்ணே, இது நான் திருப்பி எடுக்க மாட்டேன் லா. வித்தாலும் உங்களுது, விக்காட்டியும் உங்களுது."

முதலாளி யோசித்தது

குணரத்தினம் வந்து அட்டையை வாசித்தான். ஆஃப்ரோபீட் என்றான். ஆப்பிரிக்காவில் நைஜீரியா, கானா பக்கத்துப் பாட்டு என்றான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்று போட்டிருக்கிறதா இல்லையா, அதைச் சொல் என்றேன். போட்டிருக்கிறது என்று ஒத்துக்கொண்டான். எங்கே ஹிட்டாம் என்பதுதான் அவன் கேள்வி.

மறுநாள் முதலாளி வந்து ஒரு நிமிஷம் போட்டுக் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற முதலாளியிடம் வேலை பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசிப்பார். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குகிற அன்றைக்கு இந்தக் கேசட்டுகளை அடுக்கிய தட்டு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் பழையபடி பின்னறைக்குப் போக வேண்டும் என்றார். பின்னறை என்பது வெற்று கேசட்டில் பாட்டுப் பதிகிற இடம். ஜன்னல் கிடையாது, நான்கு மெஷின், ஒரு ஃபேன். நான் அங்கே மூன்று வருஷம் இருந்துதான் கவுண்டருக்கு வந்தவன். கவுண்டரில் நின்றால் ஊரே அண்ணே என்று கூப்பிடும். உள்ளே இருந்தால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு தப்புக்கு இவ்வளவா என்று கேட்டேன். முதலாளி நிதானமாகச் சொன்னார்: "பின்னால இருந்த வரைக்கும் நீ ஒரு தப்பும் பண்ணலையேப்பா, அதைத்தான் யோசிக்கிறேன்."

பாடகர் எங்கே

முதல் கேசட்டை நான் போட்டுக் காட்டியது சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு தடவை அக்கரையிலிருந்து பெர்ரிப் படகில் கடல் தாண்டி வந்து இரண்டு கேசட் வாங்கிக்கொண்டு போவார். புதுச் சரக்கு ஐயா, கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்றேன். சரி, கேட்போம் என்று குடையைக் கவுண்டரில் சாய்த்துவிட்டு நின்றார்.

இந்தப் பாட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. மேளம் தொடங்கும். கித்தார் ஒன்று வரும், பின்னால் இன்னொன்று வரும். ஊதுகுழல்காரர்கள் மொத்தமாக வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு ஒருத்தர் தனியாக ஊதுவார். வாயைத் திறந்து பாட ஆள் வருவதற்கு ஆறு ஏழு நிமிஷம் ஆகும். நம் ஆட்களுக்கு அரை நிமிஷத்தில் குரல் வந்தாக வேண்டும். பெரியவர் மரியாதையான மனுஷர், காத்திருந்தார். கண்ணாடியைத் துடைத்தார். அட்டையைப் பார்த்தார். நான் இதோ வந்துவிடுவார் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது நிமிஷத்தில் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "பாடுறவரு இன்னும் பெர்ரியிலதான் வந்துக்கிட்டு இருக்காரா, தம்பி?"

நாலே நாலு

டத்தோ கிராமாட்டில் குடியிருந்த பார்வதி அக்கா எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. நான் என்ன கொடுத்தாலும் வாங்குவார். அந்த நம்பிக்கையில் அரை நிமிஷம் போட்டுக் காட்டிக் கொடுத்தேன். மறுநாளே கேசட்டைக் கவுண்டரில் வைத்து, நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்றார். கேசட்டில் குறை ஒன்றுமில்லை. மொத்தமே நாலு பாட்டுதான் இருக்கிறது என்பதுதான் குறை. சினிமாக் கேசட்டில் பன்னிரண்டு இருக்கிறது, சாமி பாட்டில் பத்து இருக்கிறது, இதற்கும் அதே விலையா என்றார். ஒவ்வொரு பாட்டும் பதினேழு நிமிஷம் அக்கா, மொத்த நேரம் கூடத்தான் என்று விளக்கினேன். ஹிட்டே நாலுதான் என்றால் அவர்கள் எதற்குப் பாட வந்தார்கள் என்று கேட்டார். போட்டுக் கேட்டு வாங்கிய சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்பது கடைச் சட்டம். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனார்.

இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு நல்ல வாடிக்கையும் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் தன் தங்கையோடு வந்து, அதே கேசட் ஒன்று இவளுக்கும் கொடு என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. பிடித்துவிட்டதா அக்கா என்று கேட்டேன். பிடித்தது பிடிக்காதது பேச்சில்லை என்று சொல்லிவிட்டு, விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்: "மொதப் பாட்டுக்கு அரிசி வேகுது. ரெண்டாவது பாட்டுக்குக் கறி. மூணாவது பாட்டுல வீட்டுக்காரரு சாப்பிட்டு எந்திரிச்சிர்றாரு. நாலாவது பாட்டு எனக்கு."

குணரத்தினம் கொடுத்த தண்டனை

விற்காத சரக்கு ஒருவனைச் சும்மா இருந்தாலே உறுத்தும். குணரத்தினம் அதோடு விடவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்தக் கேசட்டையே போட்டான். நான் கேட்டே ஆக வேண்டுமாம். நான் எடுத்தது இல்லையா. முதல் இரண்டு நாள் தலை வலித்தது. எப்போது முடியும் என்று மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். முடிகிற இடமே தெரியாமல் மேளக்காரன் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறான் என்று நினைத்தேனே, அது ஒரே அடி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் எங்கோ ஒரு இடத்தில் லேசாகத் தள்ளி அடிக்கிறான். ஒரு கித்தார் ஒன்றைச் சொன்னால் இன்னொன்று இல்லை என்கிறது. பாடுகிறவர் ஒரு வரியைச் சொன்னால் பின்னால் நிற்கிற பெண்கள் அதையே திருப்பிச் சொல்லி அவரை ஏற்றிவிடுகிறார்கள். அவர் அதே வரியை இன்னும் கொஞ்சம் கோபமாகச் சொல்கிறார்.

எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. சினிமாப் பாட்டில் கோபம் வந்தால் நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். இது தீரவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கேசட்டுகளுக்கு விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றதும் என் கையும் நின்றுவிட்டது. நானே எழுந்து போய்ப் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் குணரத்தினம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். முகத்தில் பெரிய ஏமாற்றம். "அண்ணை, நான் உங்களுக்குத் தண்டனையா எண்டுதான் இதைப் போட்டனான். உங்களுக்குப் பிடிச்சே போச்சோ?"

பாயான் லெப்பாஸ் வரை

மாரி என்று ஒருத்தர், ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். காலையிலும் சாயங்காலமும் ஜெலுத்தோங்கில் பெண்களை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் போவார். பஸ்ஸில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருந்தார். அவருக்கு ஒரே தொல்லை, பாட்டு மாற்றுவது. பாட்டு முடிந்ததும் தமிழ்ப் பெண்கள் ஒன்று கேட்பார்கள், மலாய்ப் பெண்கள் ஒன்று கேட்பார்கள், சீனப் பெண்கள் இரண்டையும் அணைக்கச் சொல்வார்கள். ஸ்டேரிங்கைப் பிடிப்பதா, கேசட்டைப் பிடிப்பதா என்று என்னிடம் வந்து அழுதார். யாருக்கும் புரியாத பாஷையில் ஒரு கேசட் இருக்கிறது அண்ணே, சண்டையே வராது, வழியில் மாற்றவும் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவர் தனக்கு ஒன்று, கூட்டாளி டிரைவர்களுக்கு ஆறு என்று ஏழு கேசட் வாங்கினார். என் ஆயுளில் ஆப்பிரிக்கப் பாட்டு மொத்தமாக விற்ற முதல் நாள். சண்டை நின்றதா என்று கேட்டேன். அது நின்றது, வேறு ஒன்று தொடங்கியிருக்கிறது என்றார். "முன்னெல்லாம் பாட்ட மாத்து, பாட்ட மாத்துன்னு கத்துவாளுங்க. இப்ப ஃபேக்டரி வந்துருச்சு எறங்குங்கன்னா, பாட்டு முடியட்டும் அண்ணேங்குறாளுங்க. நான்தான் கத்த வேண்டியிருக்கு."

கப்பல்காரர் சொன்ன அர்த்தம்

பாதிக்கு மேல் இன்னும் தட்டில் இருந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது கடை வாசலில் ஒருத்தர் நடப்பதை நிறுத்திவிட்டு நின்றார். உயரமான கறுப்பு மனிதர், கையில் ரம்புத்தான் பழப் பை. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவர், ஊர் லாகோஸ். உள்ளே வந்து அட்டையை எடுத்துப் பார்த்து, பிறகு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். குணரத்தினத்துக்கு இங்கிலீஷ் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். கால் மணி நேரம் அவனே பேசினான்.

நான் அவனை இடையில் நிறுத்தி, இரண்டாவது பாட்டில் அந்த ஆள் யார்மேல் இவ்வளவு கோபமாக இருக்கிறார் என்று கேட்கச் சொன்னேன். கப்பல்காரர் விளக்க, குணரத்தினம் தமிழில் சொன்னான். ஒரு காகிதத்தில் முத்திரை குத்தி வாங்க ஒருவன் ஆபீசுக்குப் போகிறான். கவுண்டரில் இருக்கிற அதிகாரி இவனைக் காலையிலிருந்து நிற்க வைத்துவிட்டு, இன்றைக்குப் போய் நாளைக்கு வா என்கிறான். அவ்வளவுதான் கதை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதினேழு நிமிஷம் திட்டு.

பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டே இருக்கிறாய், விட்டுத் தொலை என்று எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. என் வீட்டுக்காரியே சொல்வாள். இங்கே பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் அதையே பாட்டாக்கி, பன்னிரண்டு பேரைச் சேர்த்து வாசிக்க வைத்திருக்கிறான். கடைசியில் முத்திரை கிடைத்ததா என்று கேட்டேன். கப்பல்காரர் ஏதோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். குணரத்தினமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "கிடைக்கேல்லையாம் அண்ணை. இன்னும் திட்டி முடியேல்லையாம். மற்றப் பக்கத்திலயும் அதே ஆளைத்தான் திட்டுறாராம்."

திட்டுப் பாட்டு

அன்றைக்கே என் வியாபாரப் பேச்சை மாற்றிவிட்டேன். கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்று சொல்வதில்லை. இது திட்டுப் பாட்டு என்று சொல்வேன். கவர்மெண்ட் ஆபீசில் காத்துக் கிடந்த கதையைச் சொல்வேன். பிறகு, உங்களுக்கும் யாராவது இருப்பார்களே என்று மட்டும் கேட்டு நிறுத்துவேன். சகோதரர்களே, நீங்கள் எந்தக் கடையில் எதை விற்றாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. ஒருத்தருக்கு மருமகன், ஒருத்தருக்கு மேலதிகாரி, ஒருத்தருக்குப் பக்கத்து வீட்டு நாய். கெப்பாலா பத்தாஸில் ஆபீஸ் வேலை பார்க்கிற ஒருவர் மட்டும் கதையைக் கேட்டு முகம் சுளித்தார். அவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்கிறவராம். வாங்க மாட்டார் என்று நினைத்தேன். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டு, பையில் போடும்போது சொன்னார்: "நாங்க ஏன் நாளைக்கு வான்னு சொல்றோம்னு யாராச்சும் ஒரு பாட்டு போட்டிருந்தா அதையும் குடுங்க அண்ணே."

ஒன்பது வருஷம்

தீபாவளிச் சரக்கு வருகிற சனிக்கிழமை காலையில் பதினொரு கேசட் மிச்சமிருந்தது. அன்றைக்குத்தான் தங்கவேலு வந்தார். பினாங்கு ஸ்ட்ரீட்டின் மறுகோடியில் எங்களைவிடப் பெரிய கடை வைத்திருந்தவர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் அவர் கடையில்தான் வேலை கேட்டுப் போனேன். காலையில் போனவனை மத்தியானம் வரை கவுண்டர் ஓரத்தில் நிற்க வைத்தார். பிறகு ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில் ஒரு இங்கிலீஷ் கேசட்டை என் கையில் கொடுத்து, சத்தமாக வாசி என்றார். நான் வாசிக்காமல் நின்றேன். படிக்கத் தெரியாதவனுக்குப் பாட்டுக் கடையில் என்ன வேலை, மார்க்கெட்டில் போய் மூட்டை தூக்கு என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்தக் கடை இருக்கும் பக்கம் நான் நடந்ததில்லை.

இப்போது அவரே வந்து, திட்டுப் பாட்டு கேசட் கேட்டு ஆட்கள் தொந்தரவு செய்கிறார்கள், இருக்கிற அத்தனையையும் கொடு என்றார். குணரத்தினம் பதினொன்றையும் எடுத்துப் பையில் போடப் போனான். நான் தடுத்தேன். முதலாளி எழுதி மாட்டிய பலகையைக் காட்டினேன்: கேசட்டைப் போட்டுக் கேட்டு வாங்கவும். நானும் கடைக்காரன்தானே, வேண்டாம் விடு என்றார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் ஐயா என்று சொல்லி முதல் கேசட்டை மெஷினில் போட்டேன். எப்போதும் அரை நிமிஷம் ஓடவிட்டு எடுத்துவிடுவோம். இதில் குரல் சுத்தமாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமே, குரல் ஏழாவது நிமிஷத்தில்தானே வரும் என்று விளக்கினேன். குரல் வந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. ஸ்டூலை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பதினேழு நிமிஷம். முடிந்ததும் இரண்டாவது கேசட்டைப் போட்டேன். குணரத்தினம் என் காதோரம் வந்து, வேன் வரப்போகிறது, பதினொன்றையும் கொடுத்துவிட்டுப் பிழைத்துப்போங்கள் என்று கெஞ்சினான். என் நன்மைக்குத்தான் சொன்னான், அது எனக்குத் தெரியும். ஆனால் ஊதுகுழல் தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் நிறுத்த என்னால் முடியவில்லை. தேநீர் குடிக்கப் போயிருந்த முதலாளியும் திரும்பி வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கேசட்டும் பதினேழு நிமிஷம் ஓடி முடிந்தது. மூன்றாவது கேசட்டை நான் எடுத்தபோது தங்கவேலு கையைக் காட்டி நிறுத்தினார். போட்டுக் கேட்ட இரண்டுக்கு மட்டும் பத்து வெள்ளி நோட்டை வைத்தார். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவர் கேட்பார், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒன்பது வருஷமாக வரிவரியாக யோசித்து வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, நடிப்பும் இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் முகம் மாதிரி இருந்தது. "நான் உனக்கு என்ன தம்பி செஞ்சேன்?" என்று கேட்டார்.

பின்னறை

பகல் இரண்டு மணிக்கு வேன் வந்தது. தட்டில் ஒன்பது கேசட் இருந்தது. என் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஃபேனைப் போட்டேன். அந்த ஒன்பதையும் குணரத்தினம் தீபாவளிக்கு முன்னாலேயே விற்றுத் தீர்த்துவிட்டான். முத்திரைக் கதை, நாளைக்கு வா கதை, உங்களுக்கும் யாராவது இருப்பார்களே என்கிற கேள்வி, எல்லாம் என்னுடையது. கதவிடுக்கு வழியாக நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கடைசி கேசட் போன அன்றைக்கு உள்ளே வந்த முதலாளியிடம் இதைச் சொன்னேன். என் பேச்சை வைத்துத்தானே விற்றான், அப்படியானால் விற்றது நான்தானே என்றேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "நீ சொன்னதையேதான் சொன்னான். ஆனா அவன் யாரையும் நிக்க வைக்கலப்பா."

தைப்பூசம் முடிந்த பிறகுதான் முதலாளி என்னை மறுபடி கவுண்டருக்குக் கூப்பிட்டார். நான் ஒன்பது வருஷம் மனதில் சுமந்ததை தங்கவேலு ஒன்பது நிமிஷம்கூடச் சுமக்கவில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு வந்த பெரிய நஷ்டம்.